புத்தகத்து முதுகுல ஒரு ஸ்டிக்கர்: தோட்டத்துப் பள்ளி நூல்நிலையத்துல என்னோட 6 வருஷ அனுபவம்

நூல்நிலையத்துல டிஜிட்டலா எதாச்சும் செய்யணும், எந்த ஆப் நல்லது டீச்சர்னு பக்கத்துப் பள்ளி ஆசிரியர்ங்க அடிக்கடி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்கேன், அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் மலேசியாவுல பந்திங் பக்கம், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு நடுவுல இருக்குற ஒரு தமிழ்ப்பள்ளியில ஆசிரியர். பூசாட் சும்பர், அதாவது பள்ளி நூல்நிலையப் பொறுப்பு 2019ல என் கைக்கு வந்துச்சு. ஒரு ரூம், ஆறு அலமாரி, ரெண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு காத்தாடி. ஓய்வு நேரத்துல பிள்ளைங்க வருவாங்க, காத்தாடிக்குக் கீழ உக்காருவாங்க, மணி அடிச்சா எழுந்து போய்டுவாங்க. புத்தகத்தைத் தொடுறவங்க ரொம்பக் கம்மி.

2020 மார்ச் 18ல எம்சிஓ, அதான் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சு. எங்க பிள்ளைங்க வீட்டுல மூணு பேருக்கு ஒரு ஃபோன், அதுவும் அப்பா வேலை முடிஞ்சு சாயங்காலம் வந்தாத்தான் கையில கிடைக்கும், டாப்-அப் இருந்தாத்தான் லைன். நேரலை வகுப்புலாம் இங்க நடக்காதுன்னு முதல் வாரமே தெரிஞ்சு போச்சு. அந்த வருஷம் ஜூன் மாசம் கல்வி அமைச்சு டெலிமாங்கிற இணையக் கற்றல் தளத்தைக் கொண்டு வந்துச்சு, கூகல் கிளாஸ்ரூம்லாம் அதுக்குள்ளயே கிடைச்சது, எனக்குப் பாடம் தயாரிக்க ரொம்ப உதவி. ஆனா வீட்டுல ஃபோனே இல்லாத பிள்ளைக்கு என்ன செய்யறதுன்னு யோசிச்சு, தினம் ஒரு கதையை நானே வாசிச்சு ஆடியோவா வாட்சாப் குரூப்ல போட ஆரம்பிச்சேன். வீடியோவுக்குப் போற டேட்டா ஆடியோவுக்குப் போகாது, ராத்திரி 9 மணிக்கு ஃபோன் கிடைச்சாலும் கேட்டுக்கலாம். ரெண்டாவது வாரம் 3ஆம் ஆண்டுல ஒரு பொண்ணு, நான் கேக்காமலேயே, அதே கதையைத் தன் குரல்ல வாசிச்சு அனுப்பிச்சா. அடுத்த நாள் நாலு பேர். பின்னாடி நான் செஞ்சது எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணுதான் ஆரம்பம்.

ஸ்கூல் திறந்த பிறகு அதை நான் மறந்துட்டு வினாடி வினா ஆப் பக்கம் போய்ட்டேன். ரூம் அதிரும், பிள்ளைங்க கைதட்டுவாங்க, பாக்க அவ்வளவு சந்தோஷமா இருக்கும். ஒரு தவணை முழுக்க செஞ்சேன். கடைசியில இரவல் பதிவேட்டை எடுத்துப் பாத்தா, எண்ணிக்கை முன்ன இருந்த இடத்துலயே நிக்குது. சீக்கிரமா அழுத்துனா கூடப் புள்ளின்னு வச்சிருக்குற விளையாட்டுல, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை ரெண்டாவது கேள்விலயே கையை எடுத்துடுது. நூல்நிலையத்துக்கு யாரை வரவைக்கணும்னு நான் ஆசைப்பட்டேனோ அந்தப் பிள்ளைங்கதான் அங்க தோத்துட்டு இருந்தாங்க. விளையாட்டே வேணாம்னு சொல்லல, இப்பவும் குவிசிஸ் (2025ல இருந்து அதுக்குப் பேரு வேகிரவுண்ட்) வச்சிருக்கேன், கேள்வி அவங்கவங்க திரையிலயே வரும், அவங்க வேகத்துக்குப் போகலாம், நேரக் கணக்கை நிறுத்தி வச்சுக்கலாம். ஆனா அது ஒரு புத்தகத்தைப் படிச்சு முடிச்ச பிறகு செய்யற வேலை, புத்தகத்தை எடுக்க வைக்கிற வேலை இல்ல.

2022ல தான் பழைய ஆடியோ ஞாபகம் வந்துச்சு. ஒரு புத்தகத்தைப் படிச்ச பிள்ளை அதைப் பத்தி ஒரு நிமிஷம் பேசணும், இல்ல பிடிச்ச பக்கத்தை வாசிக்கணும், அதை ரெக்கார்ட் பண்ணி, லிங்கைக் கியூஆர் ஆக்கி அந்தப் புத்தகத்து பின்னட்டையில ஒட்டுறது. அடுத்து எடுக்குற பிள்ளை ஃபோனை நீட்டுனா கூட்டாளியோட குரல் கேக்கும். செலவு ஸ்டிக்கர் தாளுக்கு மட்டும்தான்.

இங்க நான் பட்ட ஒரு அடியைச் சொல்லியே ஆகணும். இலவசம்னு போட்டிருந்த ஒரு இணையத்தளத்துல முதல் 80 கியூஆரையும் செஞ்சேன், ரெண்டு வாரம் கழிச்சு ஸ்கேன் பண்ணா பணம் கட்டுன்னு ஒரு பக்கம் வந்து நிக்குது. பிள்ளைங்க முகம் இன்னும் கண்ணுலயே இருக்கு. கியூஆர்ல ரெண்டு வகை இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். டைனமிக்னா அந்தக் கட்டத்துக்குள்ள இருக்குறது அந்தக் கம்பெனியோட முகவரி, அவங்க வழியாத்தான் நம்ம ஆடியோவுக்குப் போகும், அவங்க மூடுனா நம்ம கதை முடிஞ்சது. ஸ்டாட்டிக்னா நம்ம லிங்கே கட்டத்துக்குள்ள இருக்கும், லிங்க் உயிரோட இருக்குற வரைக்கும் அதுக்குச் சாவு இல்ல. தயவு செஞ்சு ஸ்டாட்டிக் மட்டும் எடுங்க. இன்னொன்னு, பிழைதிருத்தம்னு எல், எம், கியூ, எச்னு நாலு அளவு கேக்கும், எச் போட்டா கட்டத்துல 30 சதவீதம் வரைக்கும் சேதமானாலும் ஸ்கேன் ஆகும். 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனி கார் சாமான் கணக்குக்காகக் கண்டுபிடிச்சது இது, எண்ணெய், அழுக்கு படுற இடத்துக்கு செஞ்சது, அதான் எங்க பிள்ளைங்க பிசாங் கோரெங் (பொரிச்ச வாழைப்பழம்) கைக்கும் தாங்குது. எச் போட்டா கட்டம் நெருக்கமாகும், அதனால லிங்க் சின்னதா இருக்கட்டும், ஸ்டிக்கரை 3 சென்டிமீட்டருக்குக் குறையாம அடிங்க, பளபளன்னு லேமினேட் பண்ணாதீங்க, லைட் பட்டா கேமரா திணறும்.

ரெக்கார்டிங் பத்தி. மைக்லாம் வேணாம், ஃபோனே போதும், ரெண்டு அலமாரிக்கு நடுவுல புத்தகம் நெறஞ்ச பக்கமா நின்னு பேசுனா எதிரொலி குறையும். எங்களுக்கு எதிரி ரெண்டு பேர், தகரக் கூரையில மழை, செம்பனைக் குலை ஏத்திப் போற லாரி. காத்தாடி சத்தத்தை மட்டும் ஆடாசிட்டிங்கிற ஒலித்தொகுப்பு மென்பொருள்ல எடுத்துடலாம், பேச்சு இல்லாத ரெண்டு செகண்டைக் காட்டுனா அந்த இரைச்சலை அது கத்துக்கிட்டு மத்த இடத்துலயும் குறைச்சிடும். ஃபோன் ரெக்கார்டிங் பெரும்பாலும் எம்4ஏ, அதை விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிக்குள்ள இழுக்க எஃப்எஃப்எம்பெக்னு ஒன்னு தனியா போடணும், இது தெரியாம ஒரு நாள் முழுக்க வீணாச்சு. எம்பி3 64 கேபிபிஎஸ், மோனோ, இது போதும், ஒரு நிமிஷத்துக்கு அரை எம்பி வரும். கூகல்ல இலவசமா குடுக்குற 15 ஜிபிக்கு எங்க பள்ளியோட எல்லாப் புத்தகமும் பேசலாம்.

லைன் இல்லாத நாளுக்கு வேற வழி வச்சிருக்கேன். பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பெற்றோர்ங்க குடுத்த நாலு பழைய ஃபோன்ல எல்லா ஆடியோவையும் மெமரி கார்டுலயே ஏத்திட்டேன், ஸ்டிக்கர்ல கியூஆருக்குக் கீழ ஒரு நம்பர், அந்த ஃபோன்ல அந்த நம்பரைத் தட்டுனா போதும். இப்போ நூல்நிலையத்துல பிள்ளைங்க பெரும்பாலும் நம்பரைத்தான் தட்டுறாங்க, கியூஆர் வீட்டுக்குப் போற புத்தகத்துக்கு.

கதைக்கு ஸ்டோரிவீவர். 2015ல பெங்களூருல பிரதம் புக்ஸ் ஆரம்பிச்சது, தமிழ்லயே நிறைய இருக்கு, நாலு வாசிப்பு நிலையாப் பிரிச்சிருப்பாங்க, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுக்கலாம், பேரைக் குறிப்பிட்டா மாத்தி எழுதவும் அனுமதி இருக்கு. எங்களுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ஒரு கதையில ஆட்டோ வந்துச்சு, 2ஆம் ஆண்டுப் பையன் "டீச்சர், ஆட்டோன்னா கியர் இல்லாத காடியா"ன்னு கேட்டான். அவன் கேட்டது சரிதான், இங்க காருக்குப் பேரு காடி, ஆட்டோன்னா அதுதான். அப்புறம் நாங்க சில கதைய நம்ம காடி, மோட்டோர், லயத்து வீடு வச்சு மாத்தி எழுதுனோம், 5ஆம் ஆண்டுப் பிள்ளைங்களே செல்லினம்ங்கிற தமிழ் விசைப்பலகை ஆப் போட்ட ஃபோன்ல தட்டுனாங்க. செல்லினத்தைச் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம கேரித் தீவுக்காரர்னு சொன்னப்போ, ஆத்துக்கு அந்தப் பக்கமா டீச்சர்னு ஒருத்தன் எழுந்தே நின்னுட்டான்.

கூகலோட ரீட் அலாங்கையும் தனியா வாசிக்கக் கூச்சப்படுற நாலஞ்சு பேருக்குக் குடுத்தேன், பிள்ளை சத்தமா வாசிக்க அது கேட்டுச் சொல்லைக் காட்டிக் குடுக்கும், தமிழ்லயும் உண்டு. நல்லா இருந்துச்சு. ஆனா கூட்டாளி குரல் குடுக்குற தைரியத்தை அதால குடுக்க முடியல.

அனுமதி விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. முகம் கிடையாது, குரல் மட்டும், பேரு முழுசா சொல்லக்கூடாது, பெற்றோர் கையெழுத்து இல்லாம ஒரு ஆடியோவும் ஏத்த மாட்டேன். ஒரு அம்மா வேணாம்னு சொன்னாங்க, அந்தப் பிள்ளையை நம்பர் ஒட்டுற வேலைக்குத் தலைவி ஆக்கிட்டேன்.

போன வருஷம் பாட்டிங்க வந்தாங்க. ஒரு பையன் தோட்டத்துக் கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, அதுல பெரட்டுன்னு ஒரு சொல் வர, பாட்டி அவனுக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருக்காங்க. விடியக்காலை 5 மணிக்கு தண்டல் (தோட்டத்து மேஸ்திரி) பேர் கூப்பிடுறது, தலையில விளக்கு கட்டிக்கிட்டு கித்தா (ரப்பர்) மரம் வெட்டப் போறது, மழை வந்து மங்குல (பால் வடியற கிண்ணத்துல) பால் வீணாப் போறது. எனக்கு மனசு கேக்கல, பாட்டியையே நூல்நிலையத்துக்கு அழைச்சுட்டோம். நாற்காலியில உக்கார மாட்டேன்னு தரையில உக்காந்து 20 நிமிஷம் பேசுனாங்க. அந்த ஆடியோவுக்குப் புத்தகமே இல்ல, அதனால பிள்ளைங்க அதைக் கேட்டு எழுதி, படம் வரைஞ்சு, புத்தகம் ஆக்குனாங்க. இப்போ எங்க அலமாரியில அப்படி ஏழு இருக்கு. அதிகமா இரவல் போறதும் அந்த ஏழுதான், அட்டை கிழிஞ்சு ரெண்டு தடவை ஒட்டிட்டேன்.

பிள்ளைங்க படிச்ச புத்தகத்தைப் பதியற நீலாம் திட்டத்தைப் பத்தியும் கேக்குறாங்க. அதுக்கான ஐன்ஸ் இணையத்தளத்துல சுருக்கம் எழுதச் சொன்னா முன்ன பின்னட்டையைப் பாத்துக் காப்பி அடிப்பாங்க. இப்போ முதல்ல பேசு, அப்புறம் நீ பேசுனதையே கேட்டு எழுதுன்னு சொல்றேன். எழுத்துப்பிழை இருக்கு, ஆனா சொந்த வார்த்தை.

போன மாசம் இடைநிலைப்பள்ளிக்குப் போய்ட்ட ஒரு மாணவன் தங்கச்சியைக் கூப்பிட வந்தான். 2022ல, 4ஆம் ஆண்டுல, திக்கித் திக்கி வாசிச்ச பையன். அந்த ரெக்கார்டிங் கேக்கவே வெக்கமா இருக்கு டீச்சர், இப்ப நல்லா வாசிப்பேன், மாத்திடலாமான்னு கேட்டான். சரின்னு அலமாரிக்கு நடுவுல நிக்க வச்சு புதுசா எடுத்தேன், குரல் உடைஞ்சு ஆளே மாறியிருந்தான். ஸ்டிக்கர் ஒட்டப் போறப்போ அவன் தங்கச்சி, 2ஆம் ஆண்டு, பழசை எடுத்துடாதீங்க டீச்சர், அதைக் கேட்டுதான் நான் கூடவே வாசிக்கிறேன், புதுசு ரொம்ப வேகம்னு சொன்னா. அந்தப் புத்தகத்துல மட்டும் இப்போ ரெண்டு ஸ்டிக்கர் இருக்கு.