பெரணி இலைத் தழும்பு: பாக்டீரியாவா, நூற்புழுவா?

மதுரை வீட்டு முகப்புகளில் வளரும் பறவைக்கூட்டுப் பெரணியில் பழுப்புத் தழும்பு கண்டவுடன் மருந்து தெளிப்பதைவிட, அது பாக்டீரியாவால் வந்ததா, இலை நூற்புழுவால் (இலைக்குள் வாழும் நுண்ணிய புழு) வந்ததா என்று பிரித்தறிவதே முதல் வேலை. (சித்திரை வெயிலில் நுனி மட்டும் கருகுவது பெரும்பாலும் வறண்ட காற்றின் வேலை; நோயன்று.) பாக்டீரியாப் புள்ளி நீர் கோத்ததுபோல் தொடங்கி, ஒழுங்கற்று விரைவாகப் பரவும், நூற்புழுவின் தழும்போ பக்க நரம்புகளுக்கு இடையே அடைபட்டு, நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கிப் பட்டை பட்டையாக நீளும். ஐயமிருந்தால், இலைத்துண்டை நறுக்கி ஒருநாள் நீரில் ஊறவைத்து, வெளிவந்து நெளியும் புழுக்களை நுண்ணோக்கியில் காணலாம். பாக்டீரியாப் புள்ளியைத் தொடக்கத்திலேயே கண்டால், பாதித்த இலைகளை வெட்டி நீக்கி, இலை நனையாமல் மண்ணுக்கு மட்டும் நீரூற்றிக் கட்டுப்படுத்தலாம். நூற்புழுவுக்கு, பாக்டீரியா, பூஞ்சை நோய்களுக்குத் தெளிக்கும் செம்பு மருந்து பயன்படாது. செடியை மண்ணோடு அப்புறப்படுத்துவதே என் தேர்வு.