டிப் கோட்டர் ரிவ்யூ: சிலிக்கா ஃபிலிம் போடுறவங்க வாங்கலாமா?

எங்க லேப்ல போரஸ் சிலிக்கா தின் ஃபிலிம் போட்டு அதோட ஓட்டைக்குள்ள இரும்பு ஆக்சைடு நானோ துகள் வளர்க்கிறோம், அதுக்குன்னே வாங்குன மெஷின் இது, சிலிக்கான் வேஃபரை (மெல்லிய தகடு) சொல்யூஷன்ல முக்கி மேல தூக்கி ஃபிலிம் பூசும். மோட்டார் சூப்பர், வேஃபரை சொல்யூஷன்ல இருந்து அதிராம ஒரே சீரா தூக்குது, ஸ்பீடை கூட்டுனா ஃபிலிம் தடிக்கும் குறைச்சா மெலியும், அந்த கன்ட்ரோல் பக்கா. காஞ்சதும் விளிம்பைத் தவிர முழுக்க ஒரே கலர்தான், அப்படின்னா தடிமன் சமமா வந்திருக்கு.

கடுப்பு எங்கன்னா ஈரப்பத சேம்பர். டிஇஓஎஸ் (சிலிக்கா தர்ற திரவம்), பி123 (சோப்பு மாதிரி வேலை செய்யுற பாலிமர்) கலவைல எத்தனால் ஆவியாகும்போதுதான் மைசெல் (பி123 மூலக்கூறுங்க சேர்ந்த குட்டிக் கொத்து) எல்லாம் வரிசை கட்டி நிக்கும், அந்த நேரத்துல ஈரப்பதம் ஆட்டம் போட்டா ஓட்டை ஒழுங்கா அமையாது, அப்புறம் 400 டிகிரில சுட்டு பி123-ஐ எரிச்சு ஓட்டையாக்கி என்ன பிரயோஜனம். கதவு ரப்பர் லூஸ், மழை நாள்ல ரீடிங் இஷ்டத்துக்கு ஏறுது. சர்வீஸுக்கு போன் பண்ணா "டேப் ஒட்டிக்கோங்க சார்"ங்கிறாங்க, இந்த விலைக்கு டேப்பா!

வேஃபரைப் பிடிக்க கூட வர்ற ஸ்டீல் க்ளிப்பை ஓரங்கட்டிட்டு டெஃப்லான் க்ளிப் வாங்கிருங்க. ஃபிலிமோட காந்த சிக்னல் துளியூண்டு, விஎஸ்எம்ல (காந்தத்தன்மை அளக்குற மெஷின்) சிலிக்கான் வேஃபரோட டயாமேக்னெட்டிக் (காந்தப்புலத்தை லேசா எதிர்க்குற) சிக்னலே அதை அமுக்கிடும், இதுல ஸ்டீல் துணுக்கு ஒட்டுச்சுன்னா ரூம் டெம்பரேச்சர்ல சூப்பர்பாராமேக்னெட்டிக்கா (காந்தப்புலத்தை எடுத்ததும் காந்தத்தன்மை மிஞ்சாம) இருக்க வேண்டிய சாம்பிள் ஹிஸ்டெரிசிஸ் (புலம் போனாலும் காந்தத்தன்மை மிஞ்சுறது) காட்டி நம்மளை சுத்தல்ல விட்டுடும். 5க்கு 3.5.