'யாரும் பிரித்துப் பார்க்காத பழைய ரோல்': அமெரிக்காவில் நாணயம் சேர்ப்பவர்கள் கவனிக்க

இணைய ஏலங்களில் 'பழைய வங்கி ரோல், யாரும் பிரித்துத் தேடாதது' என்ற பெயரில் வரும் ஒரு சென்ட் ரோல்களை (காகிதத்தில் சுற்றிய 50 காசு) வாங்காதீர்கள். நண்பர் ஒருவர் நாற்பது டாலர் கொடுத்து ஒன்று வாங்கினார். படத்தில் ஒரு முனையில் இந்தியன் ஹெட் சென்ட் (1909 வரை அடித்த பழைய காசு), மறுமுனையில் அரிதான 1914-டி ('டி' என்றால் டென்வர் நாணயச்சாலை). பிரித்தால் இடையில் இருந்த 48 காசும் 1940, 50களின் சாதாரணக் கோதுமைக்கதிர் சென்ட்கள். ஒன்றின் விலை சில சென்ட்களைத் தாண்டாது. விற்றவரிடம் கேட்டதற்கு, "உள்ளே என்ன இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை, பிரித்த ரோலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்.

அந்த 1914-டி காசும் போலி. இது பழைய வேலை: 1944-டி சென்ட்டில் முதல் 4ஐச் சுரண்டி 1 ஆக்கிவிடுவார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் 9க்கும் 1க்கும் நடுவே இடைவெளி அகலமாகத் தெரியும். இன்னும் உறுதியான அடையாளம் காசில் உள்ள லிங்கன் உருவத்தின் தோள். காசை வடிவமைத்தவரின் முதலெழுத்துகளான வி.டி.பி. அங்கே வந்தது 1918இல்தான். 1914 காசின் தோளில் அவை இருந்தால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

ரோல் காகிதத்தின் முனை மடிப்பு இயந்திரத்தில் போட்டது போல இருக்கிறதே என்று நம்பிவிடுகிறார்கள். அந்த மடிப்பைப் போடும் கருவி கடையில் கிடைக்கிறது. மூடப்பட்டுவிட்ட வங்கிகளின் பெயர் அச்சிட்ட வெற்றுக் காகித உறைகளும் விற்பனைக்கு வருகின்றன. ஆகவே காகிதம் எதற்கும் சாட்சி இல்லை. உள்ளிருக்கும் காசுகளே சாட்சி. புழக்கத்திலிருந்து அப்படியே எடுத்துச் சுற்றிய ரோலில், இந்தியன் ஹெட் ஒன்று இருக்கும் அளவுக்குப் பழசு என்றால், தேய்ந்த 1910, 20களின் காசுகளும் கலந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை என்றால், யாரோ ஏற்கெனவே பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார். 1943இல் சென்ட்டை எஃகில்தான் அடித்தார்கள்; அந்த ஆண்டின் 'செம்பு' சென்ட் மிக அரிது. அப்படி ஒன்று முனையில் தெரிந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகுக் காசு. ஒட்டாவிட்டாலும் 1948ஐத் திருத்தியதாக இருக்கலாம்.

தேடும் ஆசை இருந்தால் வங்கிக்கே போங்கள். முகமதிப்புக்கு (காசில் எழுதிய மதிப்புக்கு) வாங்கி, முகமதிப்புக்கே திருப்பலாம். நஷ்டம் நேரம் மட்டும்தான். சென்ட் பெட்டியில் 50 ரோல், 25 டாலர். அரை டாலர் பெட்டி 500 டாலர், 1,000 காசு. பெரும்பாலான கிளைகளில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வெள்ளி தேடுபவர்களுக்கு அரை டாலரே நல்லது: 1964 வரை 90 சதவீதம் வெள்ளி, 12.5 கிராம்; 1965 முதல் 1970 வரை 40 சதவீதம், 11.5 கிராம். இன்றைய காசு 11.34 கிராம். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், தேய்மானத்தையும் கணக்கில் வையுங்கள். அதைவிட, ஆண்டைப் பார்ப்பதே வேகம்.

தேடி முடித்த காசை வாங்கிய கிளையிலேயே கொடுக்காதீர்கள். அது மறுபடி ரோலாகி உங்களிடமே வரும். வேறு வங்கியில் கணக்கு வைத்து அங்கே போடுங்கள். எண்ணும் இயந்திரத்துக்குக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.