காற்றின் சூட்டைக் காட்டாத துப்பாக்கி: அகச்சிவப்பு வெப்பமானி, ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

காங்கேயம் பக்கம் எங்கள் கொப்பரைக் களத்தில், ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் நாட்களுக்கென்று, தேங்காய்த் தொட்டியை எரித்து ஓட்டும் சூடுகாற்று டிரையர் ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் காற்று 60 முதல் 70 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மீறினால் தேங்காய்ப் பருப்பின் மேற்புறம் கருகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அந்தச் சூட்டை அளப்பதற்காகவே கோவையில் ஒரு கடையில் 1,650 ரூபாய் கொடுத்து, கைத்துப்பாக்கி வடிவிலான இந்த அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கினேன். காற்றின் சூட்டையும் காட்டுமா என்று கேட்டதற்கு, "எதைப் பார்த்துப் பிடிச்சாலும் காட்டுமுங்க" என்றார் விற்றவர். ஏதோ ஓர் எண்ணைக் காட்டும் என்ற அளவில் அவர் சொன்னது பொய்யில்லை.

டிரையரின் காற்றுப்போக்கியில் கையை நீட்டினால் பொறுக்க முடியாத சூடு. அதன் வாய்க்குக் குறுக்கே கருவியைப் பிடித்து விசையை அழுத்தினேன்; 33 என்றது. அது அப்பால் இருந்த கொட்டகைச் சுவரின் சூடு. பிறகு ஒரு சாக்குத் துண்டை அதே காற்றில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து அதைக் குறிவைத்தபோது 58 வந்தது. போக்கியில் செருகியிருந்த பழைய வெப்பமானி 61 காட்டியது. அதாவது, கருவி சாக்கைப் பார்க்கிறது. சாக்கைச் சுடவைத்த காற்றைப் பார்ப்பதில்லை.

இதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவன்தான் நானும். காரணம் காற்றில் இருக்கிறது. பொருள்கள் சூட்டால் உமிழும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் கருவி சூட்டைக் கணிக்கிறது. எந்தப் பொருள் எந்த அலைநீளத்து ஒளியை நன்றாக உறிஞ்சுகிறதோ, சூடேறும்போது அதே அலைநீளத்தில்தான் அது நன்றாக ஒளி உமிழும் என்று 1859-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் காட்டினார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டும் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகள் என்பதால், அவை அதிரும்போது மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்வதில்லை, ஆகவே அகச்சிவப்பு ஒளிக்கு அவற்றில் பிடிமானம் இல்லை; அதை உறிஞ்சாததால் உமிழ்வதும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு அருகிலும், நீராவி 6.3 மைக்ரான் அருகிலும் வலுவாக உறிஞ்சும். ஆனால் இவ்வகைக் கருவிகள் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள பட்டையைப் பார்க்கின்றன. இடையில் உள்ள காற்று அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த பட்டை அது.

அடுப்பு வாயைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். தணல் கிளறும் இரும்புக் கம்பி சிவந்து நிற்கிறது. அதை உரசிப் போகும், ஏறக்குறைய அதே சூடுள்ள காற்றில் நிறமே இல்லை. தீ நாக்கின் மஞ்சள்கூடக் காற்றினுடையதன்று, எரிந்து முடியாத கரித்துகள்களின் ஒளி. காற்று தானே பளீரென ஒளிவிட வேண்டுமானால் சூடு பல ஆயிரம் டிகிரியைத் தொட்டு, மூலக்கூறுகள் உடைந்து, எலக்ட்ரான்கள் கழன்று திரிய வேண்டும். ஏறத்தாழ 30,000 டிகிரிக்குச் சூடேறும் மின்னல் கோடு அப்படிப்பட்டது. அந்த நிலையில் காற்று ஒளியை விடுவதோடு விழுங்கவும் செய்கிறது. நம் டிரையர் அந்தப் பக்கமே போவதில்லை, போகவும் வேண்டாம்.

பரப்புகளை அளப்பதில் கருவி நன்றாகவே உழைக்கிறது. தட்டில் கிடக்கும் பருப்பு, விசிறி மோட்டாரின் பேரிங் கூடு, அடுப்பின் வெளிச்சுவர் ஆகியவற்றை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. என் உண்மையான குறை வேறு: உமிழ்திறனை, அதாவது ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்ப ஒளியை உமிழும் என்ற அளவை, 0.95 என்று நிலையாக வைத்துவிட்டார்கள், மாற்ற வழியில்லை. பளபளக்கும் எவர்சில்வர் தட்டு குறைவாக உமிழ்வதால், கை சுடும் தட்டையும் 40-க்குள் காட்டுகிறது. தட்டின் ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதைக் குறிவைத்தால்தான் சரியாகிறது. தூரத்துக்கும் குறிவட்டத்துக்கும் 12-க்கு 1 என்ற விகிதம். ஓரடி தள்ளி நின்றால் ஓர் அங்குல வட்டத்தின் சராசரிதான் கிடைக்கும், லேசர் புள்ளியின் சூடு அன்று. டிரையரின் ஈரப் புகை லென்ஸில் படிந்தாலும் அளவு தவறுகிறது, துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பருப்பின் சூட்டைப் பார்க்க இதை வாங்கலாம். காற்றின் சூட்டுக்கு, காற்றுக்குள்ளேயே நின்று சூட்டை உணரும் தெர்மோகப்பிள் கம்பிதான் வேண்டும். நானும் இப்போது ஒன்றைச் செருகியிருக்கிறேன், சாக்குத் துண்டை அவிழ்த்தாயிற்று.