அமெரிக்காவில் கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு: சின்ன நிறுவனமா, பெரிய நிறுவனமா?

ஆஃபர் லெட்டரில் "மெடிக்கல், டென்டல், விஷன் உண்டு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு நிறுவனங்களின் லெட்டரில் அதே வரி இருந்தாலும், கையிலிருந்து போகும் பணம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் வேறுபடலாம். முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறோம். தனி ஆளாக இருப்பவர்கள் சின்ன நிறுவனத்தின் திட்டத்தைக் கண்டு தயங்க வேண்டாம். ஊழியருக்கான ப்ரீமியத்தை முழுவதுமாகக் கட்டும் சிறு முதலாளிகள் நிறைய பேர் இருக்கிறார்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று குடும்பத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பெரிய நிறுவனமே மேல்.

கேஎஃப்எஃப் என்ற மருத்துவக் கொள்கை ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. 2024-ல் குடும்பத் திட்டத்தின் சராசரி ப்ரீமியம் ஆண்டுக்கு 25,572 டாலர். அதில் ஊழியர் கட்டிய பங்கு, 200 பேருக்குக் குறைவான நிறுவனங்களில் சராசரியாக 7,947 டாலர். அதற்கு மேற்பட்ட நிறுவனங்களில் 5,697 டாலர். டிடக்டிபிளும், அதாவது திட்டம் பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்டவேண்டிய தொகையும், அப்படித்தான். தனி ஆளுக்குச் சிறிய நிறுவனங்களில் 2,575, பெரியவற்றில் 1,538. ப்ரீமியமும் கூடுதல், சிகிச்சைக்குப் போனால் முதலில் கைக்காசு போடுவதும் கூடுதல் என்று இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

சிறு முதலாளி பல சமயம் ஊழியருக்கு மட்டும் தாராளமாகத் தந்துவிட்டு, குடும்பத்தைச் சேர்க்கும் கூடுதல் தொகையை முழுக்க ஊழியர் சம்பளத்தில் பிடித்துவிடுவார். சட்டமும் அதைத் தடுக்காது. முழுநேர ஊழியர் கணக்கில் 50 பேருக்குக் கீழே இருந்தால் காப்பீடு தரவேண்டிய கட்டாயமே இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஊழியருக்கும் பிள்ளைகளுக்கும் தர முன்வந்தாக வேண்டும்; துணைவருக்குத் தரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. "கட்டுப்படியாகும் விலை" என்ற சோதனையும் ஊழியர் ஒருவருக்கான ப்ரீமியத்தை மட்டுமே பார்க்கிறது. 2026-ல் அதன் வரம்பு வருமானத்தில் 9.96 சதவீதம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. குடும்பத்துக்கான ப்ரீமியம் அந்த வரம்பைத் தாண்டினால், ஊழியர் கம்பெனித் திட்டத்திலேயே இருந்துகொண்டு, குடும்பத்தை மட்டும் மார்க்கெட்பிளேஸ் (தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை) திட்டத்தில் சேர்க்கலாம். வருமானத் தகுதி இருந்தால் மானியமும் கிடைக்கும். 2023 முதல் இப்படித்தான். ஆனால் 2025-ல் வந்த சட்டப்படி, எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு 2027 முதல் அந்த மானியம் கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தொடரும்.

அடுத்து, பணம் யாருடையது என்ற கேள்வி. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை செல்ஃப்-ஃபண்டெட். அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஆனால் மருத்துவமனைக்குப் போகும் பணம் முதலாளியுடையது. காப்பீட்டு நிறுவனம் கணக்கு மட்டும் பார்க்கிறது. இத்தகைய திட்டங்களைக் கட்டுப்படுத்துவது 1974-ல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டம். அதனால் மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் இவற்றைக் கட்டுப்படுத்தாது. நியூயார்க்கிலோ இல்லினாயிலோ குழந்தையின்மைச் சிகிச்சை பற்றி மாநிலச் சட்டம் இருக்கிறதே என்று நம்பி ஐவிஎஃப் தொடங்கியபிறகு, நம் திட்டத்துக்கு அது பொருந்தாது என்று தெரியவந்தால் மிகவும் கஷ்டம். சின்ன நிறுவனம் வாங்கும் சாதாரண ஃபுல்லி இன்ஷூர்ட் திட்டத்துக்கு, அதாவது செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கும் திட்டத்துக்கு, பொதுவாக மாநிலச் சட்டம் பொருந்தும்; ஆனால் ஐவிஎஃப் போன்ற சில விதிகள் சிறு நிறுவனங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். மகப்பேறு, மனநலம், மருந்துகள் உட்பட பத்து அத்தியாவசியப் பிரிவுகளும் கட்டாயம். சின்னத் திட்டம் உண்மையிலேயே வலுவாக இருப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டுக்கும் நடுவில் லெவல்-ஃபண்டெட் என்று ஒன்று சிறு நிறுவனங்களிடையே பரவியிருக்கிறது. மாதம் ஒரே தொகை, செலவு குறைந்தால் முதலாளிக்குக் கொஞ்சம் திரும்ப வரலாம். முதல் ஆண்டு விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தொடங்கும்போது ஊழியர்களின் உடல்நிலையைக் கேட்டு விலை வைப்பார்கள். இருபது பேர் உள்ள இடத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் மறு ஆண்டு புதுப்பிக்கும் விலை எகிறிவிடும். "ஃபுல்லி இன்ஷூர்டா, லெவல்-ஃபண்டெடா, செல்ஃப்-ஃபண்டெடா?" என்று எச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள். சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன் என்ற ஆவணத்திலும் அது இருக்கும்.

விலையை ஒப்பிட, சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ் என்ற ஆவணத்தை வாங்குங்கள். எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே வடிவம், எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாது. அதில் டிடக்டிபிளையும், ஆண்டில் நம் கைக்காசுக்கான உச்சவரம்பையும் எடுத்துக்கொண்டு, சம்பளப் பிடித்தத்தோடு கூட்டுங்கள். உதாரணத்துக்கு, முதல் திட்டத்தில் இரண்டு வாரத்துக்கு 110 டாலர் பிடித்தம், உச்சவரம்பு 8,000. இரண்டாவதில் 260 டாலர், உச்சவரம்பு 3,000. இருபத்தாறு சம்பளத்துக்கு முதலாவது 2,860, இரண்டாவது 6,760. நோயில்லாத ஆண்டில் முதலாவதே லாபம். உச்சவரம்பைத் தொடும் ஆண்டில் முதலாவது 10,860, இரண்டாவது 9,760 என்று மாறிவிடும். முதல் திட்டத்தோடு முதலாளி எச்எஸ்ஏ என்ற வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 1,000 டாலர் போட்டால் வித்தியாசம் வெறும் 100. எச்எஸ்ஏ பணத்தைக் கேட்காமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது.

எச்எஸ்ஏவில் 2026-க்கான உச்சம் தனி ஆளுக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750 டாலர். முதலாளி போடுவதும் இதற்குள் அடங்கும். துணைவர் தன் கம்பெனியில் பொதுவான எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்குச் சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கு) எடுத்திருந்தால், உங்களுக்கு எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதி போய்விடும். இருவரும் வேலைபார்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. அதோடு, குடும்ப டிடக்டிபிள் மொத்தமாகவா, ஆளுக்குத் தனித்தனியாகவா என்றும் பாருங்கள். மொத்தம் என்றால், ஒருவரே நோயாளி ஆனாலும் குடும்பத் தொகை முழுவதும் கட்டிய பிறகுதான் திட்டம் பணம் தரத் தொடங்கும்.

தேதிகளைத் தவறவிட்டால் எந்தத் திட்டமும் காப்பாற்றாது. குழந்தை பிறந்தாலோ திருமணம் நடந்தாலோ, சேர்ப்பதற்குச் சட்டம் உறுதியளிப்பது 30 நாள். மருத்துவமனையே பதிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், எச்.ஆர் தளத்தில் நாம்தான் சேர்க்கவேண்டும். புதிய வேலையில் 90 நாள்வரை காக்கவைக்கலாம். ஆண்டு நடுவில் வேலை மாறினால் டிடக்டிபிள் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தால் அதை முடித்துக்கொண்டு மாறுவது நல்லது.

வேலை போனால் கோப்ரா. 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கே இந்த மத்தியச் சட்டம். 18 மாதம்வரை அதே திட்டம், ஆனால் முழு ப்ரீமியத்தின் 102 சதவீதத்தை நாமே கட்டவேண்டும். தேர்ந்தெடுக்க 60 நாள் உண்டு, தேர்ந்தெடுத்தால் முந்தைய தேதியிலிருந்தே செல்லும். அதைவிடச் சின்ன நிறுவனமென்றால் மாநிலச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். கலிபோர்னியாவில் 2 முதல் 19 பேர் உள்ள நிறுவனங்களுக்கு கால்-கோப்ரா இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் பொதுவாக இரண்டு வகை நிறுவனங்களிலும் சேர்க்க முடியாது. அவர்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடுதான்.

சிறு நிறுவனம் நடத்துபவர்களுக்கு: 25 முழுநேர ஊழியருக்குக் கீழே இருந்து, சராசரிச் சம்பளமும் வரம்புக்குள் இருந்தால், ஷாப் என்ற சிறு நிறுவனங்களுக்கான அரசுச் சந்தை வழியாக வாங்கிப் பாதி ப்ரீமியமாவது கட்டும்போது, கட்டியதில் 50 சதவீதம்வரை இரண்டு ஆண்டுக்கு வரிச்சலுகை கிடைக்கும். இத்தனை பேர் சேர்ந்தால்தான் தருவோம் என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பியுங்கள். அந்த ஒரு மாதத்தில் சிறு குழுக்களுக்கு அந்த நிபந்தனையைப் போட முடியாது.