லிஸ்ட்டை எப்படி வாங்குவது: இன்டர்ஃபேஸா, ஜெனரிக் கட்டுப்பாடா?

சி ஷார்ப் நிரல்மொழியில் 'ரசீது' என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு கிளாஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம், எழுதுகிறோம். அதில் 'தொகை' என்ற ஒரே ஒரு பிராப்பர்ட்டி. அதை நிறைவேற்றும் கிளாஸ்கள் இரண்டு: மின்ரசீது, குடிநீர்ரசீது. (இப்படித் தமிழில் பெயர் வைத்தாலும் கம்பைலர் மறுப்பதில்லை, ஜாவாவும் ஏற்கும்.) எல்லாத் தொகையையும் கூட்டித் தர 'மொத்தம்' என்று ஒரு மெத்தட், அது வாங்கிக்கொள்வது லிஸ்ட்<ரசீது>. கையில் இருப்பதோ லிஸ்ட்<மின்ரசீது>. அதைக் கொடுத்தால் கம்பைலர் ஏற்க மறுக்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் இந்த இடத்தில் தவறாமல் கேட்பார்கள்: "மின்ரசீதும் ரசீதுதானே அண்ணா, பிறகு ஏன் விடமாட்டேன் என்கிறது?" மின்ரசீது ரசீதுதான். ஆனால் மின்ரசீதுகளின் லிஸ்ட், ரசீதுகளின் லிஸ்ட் ஆகாது. விட்டிருந்தால், மெத்தட்டுக்குள் இருக்கும் யாராவது அந்த லிஸ்ட்டில் ஒரு குடிநீர்ரசீதைச் சேர்த்துவிடலாம். வெளியே லிஸ்ட்டின் சொந்தக்காரர் அதை மின்ரசீது என்றே நம்பி மீட்டர் எண்ணைக் கேட்பார். அரே விஷயத்தில் ஜாவா, சி ஷார்ப் இரண்டுமே இந்த வாசலைத் திறந்து வைத்துவிட்டன. அதனால் தவறான பொருளை உள்ளே வைக்கும்போது நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பிழை வெடிக்கிறது. ஜெனரிக்ஸ் (லிஸ்ட்டில் எந்த வகை இருக்கும் என்று கோணக் குறிக்குள் எழுதும் வசதி) வந்தபோது, ஜாவாவில் 2004இல் 5ஆம் பதிப்போடும் சி ஷார்ப்பில் 2005இல் 2.0 பதிப்போடும், இரண்டும் அந்த வாசலை மூடின.

அப்படியானால் மெத்தட்டை எப்படி அறிவிப்பது? அழைப்பவரே லிஸ்ட்<ரசீது> ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுக்கட்டும் என்பது ஒரு வழி. அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. நம் மெத்தட்டின் குறைக்கு அழைப்பவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

முதலாவது, லிஸ்ட்டை விட்டுவிட்டு ஐஇனியூமரபிள்<ரசீது> வாங்குவது. அதிலிருந்து எடுக்க மட்டுமே முடியும், எதையும் சேர்க்க முடியாது. சேர்க்க வழி இல்லாததால் மேலே சொன்ன ஆபத்தும் இல்லை. 2010இல் வந்த சி ஷார்ப் 4.0 முதல், மின்ரசீதுகளின் லிஸ்ட்டை நேரடியாக இதற்குக் கொடுக்கலாம். இரண்டாவது, ஜெனரிக் கட்டுப்பாடு. மொத்தம்<டி> என்று எழுதி, லிஸ்ட்<டி> வாங்கி, டி எதுவானாலும் அது ரசீதை நிறைவேற்ற வேண்டும் என்று நிபந்தனை போடுவது.

வெறும் கூட்டலுக்கு முதல் வழியே போதும். படிக்க எளிது, லிஸ்ட், அரே, ஹாஷ்செட் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். டி என்ற எழுத்து ஒரே ஓர் இடத்தில் வந்து, வேறெங்கும் பயன்படாமல் நின்றால், அது தேவையில்லாத எழுத்து என்பதே என் கருத்து.

'மிகப்பெரியது' என்ற மெத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகத் தொகை உள்ள ரசீதைத் திருப்பித் தருவது அதன் வேலை. முதல் வழியில் எழுதினால் திரும்பி வருவது வெறும் ரசீது. நாம் கொடுத்தது மின்ரசீதுகள் என்ற செய்தி உள்ளேயே தொலைந்துபோகிறது. மீட்டர் எண் வேண்டுமென்றால் காஸ்ட் செய்தாக வேண்டும், அதாவது இது மின்ரசீதுதான் என்று நாமே கம்பைலருக்குச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டோடு எழுதினால் டி போகிறது, அதே டி திரும்புகிறது. எழுத்து இரண்டாவது முறை வரும் இடம் இது. இரண்டு லிஸ்ட்களை வாங்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் மெத்தட்டுக்கும் இதே நியாயம்தான்: இரண்டும் ஒரே வகை என்று சொல்ல டி இல்லாமல் முடியாது.

இந்த விதியோடு பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். அதில் ஓட்டை இருப்பதை ஸ்ட்ரக்ட்தான் (தனிப் பொருளாக நிற்காமல், மதிப்பாகவே லிஸ்ட்டுக்குள் உட்காரும் வகை) காட்டிக்கொடுத்தது.

முன்பு வேலை பார்த்த இடத்தில், பல லட்சம் மீட்டர் அளவீடுகளை நினைவகத்தில் வைத்துக் கணக்கிடும் நிரல் ஒன்று இருந்தது. நினைவகத்தை மிச்சப்படுத்த அளவீட்டை கிளாஸிலிருந்து ஸ்ட்ரக்ட்டாக மாற்றினேன். மாற்றிய உடனே, இன்டர்ஃபேஸ் வழியாக வாங்கும் மெத்தட்களுக்கான அழைப்புகள் எல்லாம் கம்பைல் ஆக மறுத்தன. காரணம், ஐஇனியூமரபிளின் அந்த நெகிழ்வு கிளாஸ் போன்ற ரெஃபரன்ஸ் வகைகளுக்கு மட்டும்தான், ஸ்ட்ரக்ட்டுக்கு இல்லை. அவசரத்தில் ஒவ்வோர் அழைப்பிலும் லிங்க் என்ற தொகுப்பு நூலகத்தின் காஸ்ட் மெத்தட்டைச் சேர்த்தேன். கம்பைல் ஆனது, விடையும் சரியாக வந்தது. ஆனால் கணக்கு ஓடும்போதெல்லாம் ஒவ்வோர் அளவீடும் தனித்தனியே, பொருள்கள் வைக்கப்படும் ஹீப் நினைவகத்தில் பெட்டிக்குள் அடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 64 பிட் டாட்நெட்டில் (சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளம்) அப்படி ஒவ்வொரு பெட்டிக்கும் 16 பைட் கூடுதல் சுமை. எதை ஒழிக்க ஸ்ட்ரக்ட் எழுதினேனோ அதையே பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருந்தேன், பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டருக்கு வேலையையும் கூட்டியிருந்தேன். அந்தத் தவறு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

தீர்வு கட்டுப்பாடுதான். டி ஒரு ஸ்ட்ரக்ட் என்றால் டாட்நெட் அந்த ஸ்ட்ரக்ட்டுக்கென்றே தனி இயந்திரக் குறிமுறையை உருவாக்குகிறது; இன்டர்ஃபேஸின் மெத்தட்டைப் பெட்டி இல்லாமலே நேரடியாக அழைக்கிறது. இங்கே டி ஒரே இடத்தில்தான் வருகிறது, ஆனாலும் அது தேவை. ஜாவாவில் இந்தத் தேர்வே கிடையாது. கம்பைல் ஆனதும் வகைச் செய்தி அழிக்கப்பட்டுவிடுவதால் இன்ட் (முழு எண்) வைக்கும் லிஸ்ட் அங்கே இல்லை. இன்டிஜர் என்ற பொருளாக மாற்றித்தான் வைக்க வேண்டும்.

ஜாவா, வகையைப் பயன்படுத்தும் இடத்திலேயே நெகிழ்வைக் கேட்கச் சொல்கிறது. லிஸ்ட் என்ற பெயரை விடாமலே, 'ரசீதை எக்ஸ்டெண்ட் செய்யும் ஏதோ ஒரு வகை' என்று கேள்விக்குறி போட்டு எழுதலாம். வசதிதான், ஆனால் சுமை மெத்தட் எழுதுபவர் தலையில் விழுகிறது. கலெக்ஷன்ஸ் கிளாஸில் உள்ள மேக்ஸ் மெத்தட்டின் அறிவிப்பைப் பாருங்கள்: டி என்பது ஆப்ஜெக்ட்டாகவும், டி அல்லது அதன் தாய் வகைக்கான கம்பேரபிளாகவும் (ஒப்பிடத்தக்கது என்று சொல்லும் இன்டர்ஃபேஸ்) இருக்க வேண்டும். ஆப்ஜெக்ட் எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. வகை அழிந்த பிறகு திரும்பும் வகை ஆப்ஜெக்ட்டாகவே நிற்க வேண்டும், இல்லையென்றால் ஜெனரிக்ஸுக்கு முன் கம்பைல் செய்த பழைய நிரல்கள் உடைந்துபோகும். தாய் வகைக்கு இடம் கொடுத்ததற்கும் காரணம் உண்டு: டைம்ஸ்டாம்ப் கிளாஸ் ஒப்பீட்டைத் தன் தாயான டேட் கிளாஸிடமிருந்து பெறுகிறது. அது கம்பேரபிள்<டேட்>தானே தவிர கம்பேரபிள்<டைம்ஸ்டாம்ப்> அல்ல. சி ஷார்ப்பில் இதற்கு இணையான ஐகம்பேரபிளை எழுதியவர்களே அதன் அறிவிப்பில் இந்த நெகிழ்வைச் சொல்லிவிட்டார்கள். நாம் எழுதுவது ஒரே ஒரு சிறிய நிபந்தனை. இந்த ஒரு விஷயத்தில் சி ஷார்ப் பக்கம்தான் நான்.

கட்டுப்பாட்டை மெத்தட்டில் போடுவதா, கிளாஸில் போடுவதா என்பதிலும் எனக்குத் திடமான கருத்து உண்டு. வரிசையாக வைக்கும் ஒரு கலெக்ஷன் கிளாஸை எழுதி, டி ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கிளாஸின் தலையிலேயே ஒருமுறை எழுதினேன். அதை உள்ளே வைத்திருந்த ஜெனரிக் கிளாஸ்கள் எல்லாம் அதே நிபந்தனையைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அவற்றைப் பயன்படுத்தியவையும் அப்படியே. வேறொரு நூலகத்திலிருந்து வந்த, நாம் கைவைக்க முடியாத ஒரு கிளாஸ் ஐகம்பேரபிளை நிறைவேற்றவில்லை என்றபோது எல்லாம் நின்றுபோனது. நிபந்தனையை எடுத்துவிட்டு கன்ஸ்ட்ரக்டரில், ஒப்பிடும் வேலையைச் செய்யும் ஒரு கம்பேரர் வாங்கினேன். சிக்கல் அன்றே தீர்ந்தது. டாட்நெட்டின் சார்ட்டட்டிக்ஷனரியும் ஜாவாவின் ட்ரீமேப்பும் சாவி வகைக்கு ஒப்பீட்டுக் கட்டுப்பாடு போடாமல் விட்டதன் அருமை அன்றுதான் விளங்கியது. அதற்கு விலையும் உண்டு: ஒப்பிட முடியாத வகையை கம்பேரர் இல்லாமல் வைத்தால் நிரல் ஓடும்போதுதான் பிழை தெரியும். அதை ஏற்றுக்கொள்கிறேன். மெத்தட்டில் மட்டும் கட்டுப்பாடு தாராளமாக இருக்கட்டும். அங்கே அது அந்த ஓர் அழைப்போடு முடிந்துவிடும்.

இன்டர்ஃபேஸ் வழியால் தொடவே முடியாத ஓர் இடமும் இப்போது இருக்கிறது. 2022இல் வந்த சி ஷார்ப் 11இல், இன்டர்ஃபேஸுக்குள் ஸ்டாட்டிக் உறுப்புகளை (பொருளுக்கு அல்ல, வகைக்கே சொந்தமானவை) அப்ஸ்ட்ராக்ட்டாக அறிவிக்கலாம். டி ஐநம்பராக (எண் வகைகளுக்கான இன்டர்ஃபேஸ்) இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டால், இன்ட், டெசிமல், டபுள் எதற்கும் ஒரே கூட்டல் மெத்தட் போதும். லிஸ்ட் காலியாக வந்தால் என்ன தருவது? 'தொகை என்ன' என்று கேட்க உள்ளே ஒரு பொருளும் இல்லை. அப்போதும் வகையையே கேட்கலாம்: டியின் ஸீரோவை எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது.