சுண்ணாம்புச் சுவர்களோடு 8 வருடம்

வீட்டுக்குக் கட்டு வேலையும் பூச்சும் சுண்ணாம்புச் சாந்தில் செய்து 8 வருடம் ஆகிறது. யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சுண்ணாம்பை நன்றாக ஊற விடுங்கள்.

முதல் அறைக்கு நாங்கள் அவசரப்பட்டோம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் கொதித்துப் பொங்கியது. அடங்கியதும் எல்லாக் கட்டியும் தண்ணீரோடு சேர்ந்து கரைந்து நீறிவிட்டது என்று நினைத்து, சலிக்காமல் மூன்றாம் நாளே மணலோடு கலந்துவிட்டோம். பூச்சு அழகாகத்தான் வந்தது. சில வாரம் கழித்து ஆங்காங்கே காசு அகலத்துக்குத் தெறித்து விழுந்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் மிளகளவு வெள்ளைப் புள்ளி. நீறாத கட்டி சுவருக்குள் ஈரத்தைக் குடித்து, உப்பி, மேல்பூச்சைத் தள்ளியிருக்கிறது. அப்புறம் மற்ற அறைகளுக்கு, நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி 3 மாதம் தொட்டியில் வைத்தோம். கரண்டியில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அந்தச் சுவர்களில் இன்றுவரை ஒரு குழிகூட இல்லை.

இது சிமென்ட் போலச் சட்டென்று இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். வெயில் படும் சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு 10 நாள் நனைத்தோம். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல். ஒரு தடவைக்கு 10 மி.மீ. கனத்தைத் தாண்டவில்லை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஈரச் சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஜன்னல் மூலையில் இரண்டாம் வருடம் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் கண்டது. தொடாமல் விட்டேன். மழை ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து, இப்போது மெல்லிய வெள்ளைக் கோடாக மூடியிருக்கிறது. பெரிய விரிசலுக்கு இதை நம்ப முடியாது.

அடிச்சுவரில் ஓரிடம் பெயர்ந்தபோது, கொத்தனார் சிமென்டில் ஒட்டுப் போட்டார். வெளியேற வழியில்லாத ஈரம் பக்கத்துக்கு நகர்ந்து, ஒட்டைச் சுற்றி உப்புப் பூத்தது. கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூசினோம். அப்புறம் உப்பு, துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும் என்ற அளவுக்குக் குறைந்தது. பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த ஒரே சுவரும் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது, சுரண்டிவிட்டு வெள்ளையடித்தோம்.

வெள்ளையடிப்பதை மட்டும் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும், அந்த வேலை உண்டு. இந்தத் தடவை வெள்ளையடிப்பதற்கான சுண்ணாம்பு இப்போது தொட்டியில் ஊறுகிறது.